பொட்டு வைத்த ரெகுலேட்டர்

எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அரிசி லாரியில்தான் வரும். மதுரையிலிருந்து போடிக்கு வந்து, அங்கே மூட்டைகளோடு மூட்டையாக ஏறி, போடிமெட்டுச் செக்போஸ்டைத் தாண்டி உடும்பஞ்சோலைப் பக்கத்தில் எங்கள் மலைக்கு வந்து சேரும்போது அதன் மேலெல்லாம் தவிடாக இருக்கும். டிரைவர் அதை லாரியிலிருந்து அப்படியே உருட்டிவிடப் பார்ப்பார். நான் வாசலில் நின்று கத்துவேன். "உங்க மாமியா வீட்டு அம்மிக்கல்லா அது? நிமித்தித் தூக்குங்க" என்பேன். எழுபதுகளில் அந்த மலையில் 'கத்துற சிஸ்டர்' என்றால் நான்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கத்தாத சிஸ்டர்கள் இருந்த ஆஸ்பத்திரிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம், வரிசையாகச் சில கட்டில்கள், ஒரு மருந்து அறை, ஒரு பிரசவ அறை. டாக்டர் குமுளியில் குடியிருந்தார். ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அது என் ராஜ்யம். நாங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைக்கு ஏறி வந்த கிறிஸ்தவக் குடும்பம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்துவிட்டு நான் இந்த ஏலக்காட்டுக்கு வேலைக்கு வந்தேன்.

அந்தச் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஆக்ஸிஜனைத் திணித்துத் திணித்து அடைத்திருப்பார்கள். சாவியைத் திறந்தால் அது வரும் வேகத்தை எந்த மனிதனும் மூச்சாக இழுக்க முடியாது, நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டர் என்ற பித்தளைக் கருவியைத் திருகிப் பொருத்துவோம். போடிமெட்டிலிருந்து ரோடு நேராகக் கீழே போகாமல் கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி இறங்குவதால்தானே பஸ்ஸில் போகிறவர்கள் உயிரோடு போடிக்குப் போய்ச் சேருகிறார்கள்? ரெகுலேட்டர் செய்வதும் அந்த வேலைதான். உள்ளே இருக்கிற பயங்கரமான அழுத்தத்தைக் குறைத்து, மூக்கு தாங்குகிற அளவில் இறக்கிக் கொடுக்கும்.

அதற்கு ஆகாத ஒரு பொருள் எண்ணெய். அழுத்தத்தோடு பாயும் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கில் பட்டால் தீக்குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும். இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. பயிற்சியில் இருந்தபோது யாரோ கிரீஸ் கையோடு மாட்டிவிட்டுப் போன ரெகுலேட்டரை ஒருவர் திறந்தார். டப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் திரை எரிந்துகொண்டிருந்தது. திறந்தவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. அதற்குக் கட்டுப் போட்டது நான். அன்றிலிருந்து ஆக்ஸிஜன் பக்கத்தில் எண்ணெய் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

ஆனால் எங்கள் மலையில் எண்ணெய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மலையாளத்துக்காரர்கள் இடவப்பாதி என்று சொல்லும் மழை இறங்கிவிட்டால் துணி காயாது, உப்பு தண்ணீராகும், நேற்று பளபளவென்று இருந்த கத்தி இன்று செம்மண் நிறத்தில் இருக்கும். அதனால் பூட்டு, கதவுக் கீல், தையல் மெஷின், கவாத்துக் கத்தி என்று எதைப் பார்த்தாலும் கோழி இறகை எண்ணெயில் முக்கித் தடவிவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம். இரும்பைச் சும்மா விடுகிறவனைச் சோம்பேறி என்பார்கள்.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பழக்கத்தில் ஊறியவர். என்னைவிட மூத்தவர், கம்பம் பக்கத்து ஆள். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "கஞ்சி குடுங்க அண்ணாச்சி" என்றால் கஞ்சி கொடுப்பார். உப்புப் போடச் சொல்லியிருக்காவிட்டால் அதில் உப்பு இருக்காது. இதற்காக நான் அவரோடு போடாத சண்டை இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் உட்காரச் சொன்னால் கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு மனிதரிடம் எவ்வளவு நேரம் கோபத்தை இழுத்துப் பிடிப்பது?

அவருக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட, அந்தத் தம்பியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு மலையேறி வந்தவர் அண்ணாச்சி. வளர்த்து, ஏலக்காய் ஸ்டோரில் தீப்போடும் வேலை வாங்கிக் கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. தம்பி இருமினால் அண்ணன் சுவரைத் தட்டி என்னவென்று கேட்பார்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜை கொண்டாடுவதை ஒருநாளும் தடுத்ததில்லை. கட்டில் காலின் அடிப்பக்கம் வரைக்கும் தேய்த்துக் கழுவுகிறோம் என்று ஆட்கள் தாமாக வந்து நின்றால் எந்த நர்ஸ் வேண்டாம் என்பாள்? அந்த வருஷமும் முந்தின நாளே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"எல்லாத்தையும் நல்லாத் தொடைச்சு வைங்க. சிலிண்டரை மட்டும் தொடக்கூடாது, கேட்டீயளா?"

"தொடலைங்கம்மா."

பூஜையன்று காலையில் பார்த்தால் ஸ்டெதஸ்கோப்புக்குச் சந்தனம், ஸ்டெரிலைசருக்குக் குங்குமம், குழந்தைகளை நிறுக்கும் தராசுக்குச் செவ்வந்தி மாலை. மேஜை மேல் குத்துவிளக்கு எரிந்தது. சிலிண்டர் மட்டும் தன் மூலையில் பூவும் பொட்டும் இல்லாமல் நின்றது. எனக்குத் திருப்தி. பொரியும் கடலையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் எல்லா வேலைக்கும் லீவு உண்டு, ஏலக்காய் ஸ்டோருக்கு மட்டும் கிடையாது. காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் பருவம் அது. பறித்த பச்சைக்காயைக் கையோடு உலர்த்தாவிட்டால் நிறம் போய்விடும், பிறகு குமுளிக் கடைக்காரன் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். ஸ்டோர் என்பது நாலு பக்கமும் இறுக அடைத்த அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடும் புகையும் அறைக்குள் ஓடும் பெரிய தகரக் குழாய் வழியாகப் போய் மறுபக்கம் வெளியேறும். குழாயின் சூட்டில் தட்டுகளில் பரப்பிய காய் உலரும். குழாய் சரியாக இருக்கும்வரை உள்ளே சூடுதான், புகை இருக்காது.

அன்று குழாயின் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. காயைப் புரட்டிவிட உள்ளே போன அண்ணாச்சியின் தம்பி வெளியே வரவில்லை. பண்டிகைச் சோறும் சுண்டலும் கொண்டுபோன தம்பியின் மனைவி, அடுப்படியில் ஆளைக் காணாமல் கதவைத் திறந்திருக்கிறாள். புகைக்குள் கால் மட்டும் தெரிந்ததாம். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் இழுத்துப் போட்டு, காய்ச் சாக்கில் கிடத்தி, ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஸ்டோர் சூப்பரண்டும் பாதி லயமும் வந்தது.

கட்டிலில் போட்டுப் பார்த்தேன். மூச்சு இருந்தது, நாடி ஓடியது. கூப்பிட்டால் கேட்கவில்லை. கிள்ளினால் விரல் மட்டும் அசைந்தது. முகம் நல்ல சிவப்பாக இருந்தது.

"நெறம் நல்லாத்தான இருக்கு? பண்டிகைக்குக் கொஞ்சம் ஊத்தியிருப்பான், தெளிஞ்சுரும்" என்றார் சூப்பரண்டு.

அந்தச் சிவப்புதான் புகை விஷம் ஏறியதற்கு அடையாளம். மூடிய அறையில் விறகுப் புகையை இழுத்தவனுடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு ஏறி உட்கார்ந்துகொண்டு நல்ல காற்றுக்கு இடம் விடாது. ஆள் தூங்குகிற மாதிரியே கிடந்து, தூக்கத்திலேயே போய்விடுவான். அதைத் துரத்த ஆக்ஸிஜன் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். என்னிடம் இருந்தது. மூலையில் நிறைந்த சிலிண்டராக நின்றுகொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்ய ஆபீசுக்கு ஆளை விரட்டிவிட்டு அலமாரியைத் திறந்து ரெகுலேட்டர் பெட்டியை எடுத்தேன்.

மூடியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

ரெகுலேட்டர் புதுப் பித்தளைக் குடம் போல மின்னியது. மீட்டர் கண்ணாடியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சிலிண்டருக்குள் திருகும் மரையில் எண்ணெய் திரண்டு நின்றது.

"அண்ணாச்சி! இதுல என்ன போட்டீய?"

கட்டிலருகில் தம்பியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எண்ணெய்ங்கம்மா. செக்குல ஆட்டுன தேங்காண்ணெய். மழைக்குத் துருப் பிடிச்சுரும்டு மரை மரையாக் கோழி எறகால விட்டேன். உள்ளயும் நாலு சொட்டு விட்ருக்கேன்."

"தொடக்கூடாதுன்னு சொன்னேம்லா?"

"சிலிண்டரத்தானங்கம்மா சொன்னீக. சிலிண்டரத் தொடலையே."

உண்மைதான், அவர் சிலிண்டரைத் தொடவில்லை. நீ ரெகுலேட்டரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் துணி, துணிக்குள் இருந்ததைத் தேடி எடுத்து ஒருவர் எண்ணெய் விடுவார் என்று தேவதூதன் வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர்களுக்கும் அதையே சொன்னேன்.

பெட்டியை மூடினேன். "இதை மாட்ட முடியாது" என்றேன்.

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாய்ந்து வந்து பெட்டியைத் திறந்து, தோளில் கிடந்த துண்டால் ரெகுலேட்டரை அழுத்தி அழுத்தித் துடைத்தார். "தொடச்சுட்டேம்மா. பாருங்க, ஒண்ணுமில்ல. மாட்டுங்கம்மா." அவர் குரல் கீச்சென்று ஆகிவிட்டது.

"உள்ள விட்டதை எப்படித் தொடைப்பீய?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். எண்ணெய் பட்ட ரெகுலேட்டர் எல்லாமே வெடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாஸ்க்கை மூக்கில் வைத்துக் கிடக்கிறவனின் தலைமாட்டில் அது வெடித்தால் அவன் முகம் இருக்காது. வெடிக்காமலும் போகலாம் என்ற நம்பிக்கையில் ஒரு மனிதன் தலைமாட்டில் நெருப்பை வைக்க நான் நர்சிங் படிக்கவில்லை.

அதுவரை புருஷன் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவள் எழுந்து என்னிடம் வந்தாள். "காத்து நெறைய அடைச்சு வச்சிருக்காகள்ல? எம்புருசனுக்கு ஒரு மூச்சுக் குடுக்க ஒனக்கு மனசு வரலையா? நீயும் ஒரு பொம்பளையா?" என்றாள். நான் அவள் புருஷனை ஒருக்களித்துப் போட்டு, வாயிலிருந்த கோழையைத் துடைத்தேன். அவள் முற்றத்தில் இறங்கி இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, ஜன்னல் வழியாக என் மேல் தூற்றினாள். "நாசமாப் போவ!" என்றாள். மண் என் தொப்பியிலும் தோளிலும் விழுந்தது. வெளியே நின்ற ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. எல்லோரும் அவள் பக்கம்தான்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும். ஊரே சேர்ந்து அழுதாலும் எண்ணெய் எண்ணெய்தான்.

சூப்பரண்டு பெரிய மனிதத் தோரணையில் முன்னால் வந்தார். "சிஸ்டர், அந்தக் கருவியே வேண்டாம். சாவியை லேசாத் திறந்து, நேரா ஒரு டியூப மாட்டி மூக்குல வைங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"மொதல்ல அந்த விளக்கை வெளிய கொண்டு போங்க" என்றேன். அணைக்கச் சொன்னால் அதற்கு வேறு ஒரு சண்டை வரும். யாரோ குத்துவிளக்கை எரிந்தபடியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்தேன். சிலிண்டரின் வாயை ஆளில்லாத ஜன்னல் பக்கம் திருப்பி, ஓரமாக நின்று, சாவியைக் கண் மூடித் திறக்கும் நேரம் திறந்து மூடினேன். அலறிக்கொண்டு வந்தது காற்று. ஜன்னல் துணி விட்டத்துக்குப் பறந்தது. தராசு மேல் இருந்த செவ்வந்தி உதிர்ந்து வார்டு முழுக்கச் சிதறியது. சூப்பரண்டு வாசற்படிக்கு எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

"இதையா மூக்குல விடச் சொல்லுதீய?" என்று கேட்டேன்.

எனக்கு அதற்குள் வழி தெரிந்துவிட்டது. எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் இரும்பு வெட்டவும் ஒட்டவும் வெல்டரிடம் ஆக்ஸிஜன் உண்டு. அவருடைய சிலிண்டரும் எங்கள் சிலிண்டரும் ஒரே லாரியில்தான் வரும். இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரி என்பதை இறக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பொருந்துகிற ரெகுலேட்டர் அவரிடமும் இருக்கும்.

சொன்னதும் சூப்பரண்டு வாசலிலிருந்தே தலையை ஆட்டினார். "இன்னைக்கு எங்க சிஸ்டர்? பூஜையில வச்சாச்சு. நாளைக்குக் காலையில பூஜை எடுத்தப்பறம்தான் ஆயுதத்தத் தொடுவாங்க. அதுக்கு முன்னால கேட்டா அடிக்க வருவானுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் எப்பேர்ப்பட்ட பக்திமான் என்று எனக்குத் தெரியும். பூஜைக்கு வைத்த அருவாமனையை எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு வீட்டில் காய் நறுக்கக்கூட விடாதவர்.

"போங்க அண்ணாச்சி" என்றேன். "வெல்டரையே ரெகுலேட்டரைக் கையோட தூக்கிட்டு வரச் சொல்லுங்க. ஒங்க கை பூரா எண்ணெய். நீங்க எதையும் தொடக்கூடாது. வெளங்குதா? எதையும்!"

"எதையும் தொடலைங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டேன். நாக்கு உள்ளே விழாமல் நோயாளியின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேயிருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. முற்றத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். "அந்த மண்ணுக் கையக் கழுவிட்டு வா. வந்து ஒம்புருசன் தாடையப் பிடி. என்னை அப்புறமாச் சபிக்கலாம்" என்றேன். அவள் வந்தாள். சொல்லிக்கொடுத்தபடி பிடித்தாள், கை ஆடவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இடையில் ஒருமுறை மூச்சு நின்று நின்று வந்தது. அப்போது நான் ஜெபம் பண்ணவில்லை, அந்த நாசமாய்ப் போன ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். கோயமுத்தூரில் வெல்டிங் பழகி எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவர். மாலை சுற்றிய ரெகுலேட்டரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். அண்ணாச்சி பின்னால் ஓர் ஆள் தூரம் விட்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், பூசையில இருந்து எடுத்துட்டு வந்துட்டனுங்க" என்றார் வெல்டர். "பசங்க வேண்டா வேண்டான்னு கத்துனாங்க. இந்தப் பெரியவரு தொபுக்கடீர்னு எங்கால்ல வுளுந்துட்டாருங்க. கைய ரெண்டயும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு வுளுந்தாருங்க. எங்கப்பன் வயசு அவருக்கு. நா என்னத்தப் பண்றதுங்க?"

"இதுக்கு எண்ணெய் போட்டீயளா?"

"அட, என்னங்க நீங்க! எண்ணெய் வெச்சுருந்தா நா இந்நேரம் இங்க நிப்பனுங்களா?"

"கை?"

அவர் கையைப் பார்த்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "வடை தின்னனுங்க."

"போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. ரெகுலேட்டரை இந்தத் துணியில வைங்க."

கட்டுப் போடும் வெளுத்த காஸ் துணியால் அதை உடம்பு முழுக்கத் துடைத்தேன். மாலையைக் கழற்றினேன். வெறும் தண்ணீரில் இழைத்த சந்தனம் உலர்ந்து பொடியாக உதிர்ந்தது. புதுத் துணியைத் திரித்து மரைக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கறை இல்லை. மோந்தும் பார்த்தேன். பித்தளை வாசம்தான் வந்தது. சிலிண்டரின் வாயில் வைத்து நான் பிடித்துக்கொள்ள, வெல்டர் இறுக்கினார். எங்கள் ரப்பர் குழாயை அதன் மூக்கில் சொருகிக் கட்டுத் துணியால் இறுகக் கட்டினேன். குழாயின் அடுத்த முனை தண்ணீர்ப் புட்டிக்குப் போனது, அங்கிருந்து மாஸ்க்குக்கு.

"இது இரும்ப அறுக்கறதுங்க" என்றார் வெல்டர். "ரொம்ப மெதுவாத் திருகோணுங்க."

"தெரியும்" என்றேன்.

அழுத்தத்தைக் கூட்டும் திருகை முழுக்கத் தளர்த்தினேன். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று சிலிண்டர் சாவியை மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். முதல் மீட்டரின் முள் ஏறி நின்றது. சத்தமில்லை. திருகைத் தொட்டும் தொடாமலும் உள்ளே திருப்ப, இரண்டாவது மீட்டரின் முள் லேசாக நகர்ந்தது. புட்டித் தண்ணீரில் ஒரு குமிழி எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. கொஞ்சம் முன்னால் ஜன்னல் துணியைக் கிழிக்கப் பார்த்த அதே காற்று சோற்றுப் பானை கொதிக்கிற சத்தத்தில் வந்துகொண்டிருந்தது. மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் பெருமைப்படலாமா என்று கேட்டால், படலாம். ஒழுங்காகச் செய்த வேலைக்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

மஞ்சுப் பனி இறங்கி வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவர் காலை இழுத்தார். பிறகு ஓங்கரித்து வாந்தி எடுத்தார். வாந்தியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். துடைத்துவிட்டு மாஸ்க்கை மறுபடி வைத்தபோது கண் திறந்திருந்தது. பெண்டாட்டியைப் பார்த்து ஏதோ முனகினார்.

"ஒன்னைய யாரு அந்தப் பொகைக்குள்ள போய் நிக்கச் சொன்னது?" என்று அவள் ஆரம்பித்தாள். "கதவத் தொறந்து போட்டுட்டுப் போகத் தெரியாது? நாப் பாக்க வரலைன்னா என்ன ஆயிருக்கும்? காய் பெருசா, நான் பெருசா?" திட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று உடைந்து அழுதாள். அழுதபடியே என் பக்கம் திரும்பி, என் தோளில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் தட்டிவிட்டாள்.

டாக்டரின் ஜீப் அப்போதுதான் வந்தது. நாடி பார்த்து, கண் இமையை விலக்கிப் பார்த்து, பிழைத்துவிட்டான், ஆக்ஸிஜனை நிறுத்தாதே என்றார். அவர் மருந்து எழுத நகர்ந்ததும் நோயாளி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணன் எங்கம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெல்டரோடு வந்து வாசலில் நின்ற பிறகு அண்ணாச்சியை நான் பார்க்கவேயில்லை.

வெளியே போனேன். வார்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அடுப்புச் சாம்பலும் தேய்ந்துபோன சவுக்காரத் துண்டும் கிடந்தன. இரண்டு கைகளையும் தன் முழங்காலில்கூடப் படாமல் முன்னால் நீட்டி வைத்திருந்தார். தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வெந்தது போலச் சிவந்து, விரலிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி முழிச்சாச்சு."

"தெரியும்மா. சன்னலு வழியாப் பாத்தேன்."

"பெறகு ஏன் உள்ள வரலை?"

"எதையும் தொடக்கூடாதுன்டு சொன்னீகம்மா."

குனிந்து அந்தக் கைகளைப் பிடித்து என் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். சாம்பலும் சவுக்காரமும்தான் மணத்தன. "எண்ணெய் இல்ல. போயிட்டு. வாங்க" என்று சொல்லி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கட்டிலருகே வந்தும் அவர் கையை நீட்டவில்லை. தம்பி கண்ணீரோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கண்ணால் தடவிவிட்டு, அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா தொடட்டும்?" என்று கேட்டார்.

"எங்க வேணும்னாலும் தொடுங்க அண்ணாச்சி" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அப்போதும் நம்பாமல் நின்றார். நான்தான் அவருடைய கையைப் பிடித்துத் தம்பியின் நெற்றியில் வைத்தேன்.